முன்னால் போகிறவன் கை

அத்தியாயம் 11

அறுபத்து மூன்று யூரோ, அறுபது சென்ட்.

வோரோவின் நோட்டில் நெலோவின் பெயருக்கு எதிரே போன மே மாதத்திலிருந்து நிற்கிற தொகை இது. சைக்கிள் பயணத்தின் முதல் நாள் ஆளுக்கு நூற்றைம்பது பொதுவில் போட வேண்டும். நெலோ நூறு போட்டான். மிச்சம் தேனியாவில் தருகிறேன் என்றான். அந்த ஐம்பது போக, மீதி அபராதம். யாருக்கு டியூப் பஞ்சர் ஆகிறதோ, அன்றைக்கு எல்லோருக்கும் ரம் ஊற்றிக் கொளுத்தின காபி அவன் செலவு. நெலோவுக்கு இரண்டு தடவை பஞ்சர் ஆனது. ஒரு காபி ஒன்று எழுபது. நாலு பேர், இரண்டு தடவை. கணக்கில் பிழை இல்லை.

நெலோ தேனியா வந்து சேரவில்லை.

பயணம் முடிகிற ஊரில் கணக்குத் தீர்த்து, பழைய டியூபில் வெட்டிய ரப்பர் பட்டையால் வோரோ நோட்டைக் கட்டுவான். பதினான்கு வருஷமாக அப்படித்தான். போன வருஷம் கட்டவில்லை. பட்டை அவன் ஹேண்டில்பாரில் சும்மா தொங்கிக்கொண்டு வருகிறது.

இத்தனை வாரம் இந்தக் கதையோடு கூடவே வந்தவர்களுக்கு மீதி தெரியும். நெலோ என் மச்சான். என் தங்கை எம்பாரின் கணவன். ஓடு சுடும் சூளையில் எனக்கு அடுத்த வரிசையில் இருபத்தெட்டு வருஷம் நின்றவன். போன வருஷம் நாலாம் நாள், குல்யேரா தாண்டி ஆரஞ்சுத் தோப்புச் சாலையில் விழுந்தான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனான். வெள்ளை வேன் ஒன்று உரசிக்கொண்டு போனது என்று சாலைப் போலீசிடம் நான் சொன்னேன். எழுதிக் காட்டினார்கள். எழுத்துக் கூட்டிப் படித்துக் கையெழுத்தும் போட்டேன்.

வெள்ளை வேன் எதுவும் இல்லை. இதை உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருஷம் எம்பார் வருகிறேன் என்றாள். ஆரஞ்சு கட்டுகிற கிடங்கில் நாளெல்லாம் நிற்கிறவள், ஐம்பத்தைந்து வயது. நெலோவின் சைக்கிளில் சீட்டை மூன்று விரல் இறக்கி, குளிர்காலம் முழுக்கப் பழைய ரயில் பாதையில் ஓட்டிப் பழகினாள். "அவர் விட்ட இடத்துலேருந்து நான் முடிக்கணும்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வினரோசில் கிளம்பி மூன்று நாள் ஆகிறது. கடல் இடது பக்கமே வந்துகொண்டிருக்கிறது. எம்பார், வோரோ, ரோக், நான். இன்று நாலாம் நாள்.

எல் பெரெல்யோவில் பத்து மணிச் சாப்பாட்டுக்கு இறங்கினோம். கடைக்காரி கேட்காமலே வேர்க்கடலையும் ஆலிவ் காயும் கொண்டுவந்து வைத்தாள். பின்னால் வயல்களில் தண்ணீர் கட்டியிருந்தது.

"எம்பார், அந்தக் கடலைத் தட்டை இங்க தள்ளும்மா" என்றான் ரோக். மீன் சந்தையில் பெட்டி தூக்குகிறவன். ஆளும் பெட்டி மாதிரி. "நீ கோழி மாதிரி கொத்திக்கிட்டிருக்கே. அதுக்கு அவமானமா இருக்கும்."

"நீ தின்னா சைக்கிளுக்கு அவமானம்" என்றான் வோரோ. "மேட்டுல அது அழுறது முன்னால வர்ற எனக்குக் கேக்குது."

"அழல. பாடுது. உனக்கு ரசனை இல்ல."

எம்பார் உதட்டால் சிரித்தாள். ஒரு வருஷமாக அவள் சிரிப்பு உதட்டோடு நிற்கிறது.

ரொட்டி வந்தது. நடுவே பிளந்து குதிரை இறைச்சியும் பூண்டுத் தாளும் வைத்தது. நான் சாப்பிட்டேன். வாய் மென்றது. உப்பு இருக்கிறதா என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

எம்பார் சட்டையின் முதுகுப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து வோரோ முன்னால் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"அவர் பாக்கி. அறுபத்து மூணு அறுபது."

வோரோ உறையைத் தொடவில்லை. "அதை அடிச்சிடலாம் எம்பார். நாங்க மூணு பேரும் சரின்னுட்டா அடிச்சிடலாம். அது எங்க சட்டம்தான். ரோக்?"

"சரி."

"பதிஸ்தே?"

என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டப் போனேன்.

"ஆட்டாதே அண்ணே" என்றாள் எம்பார். "அவர் யாருக்கும் பாக்கி வச்சவர் இல்ல. செத்துட்டாருன்னு தள்ளுபடி பண்றீங்களா? பிச்சையா?"

"பிச்சை இல்லம்மா. இப்ப நான் எப்படி வாங்குவேன்? எனக்குக் கை வராது."

"கை வர்றப்ப வாங்கிக்கோங்க வோரோண்ணே." உறையைத் திரும்பப் பையில் வைத்தாள். "நான் எங்கயும் போகலை."

காபி வந்தது. ரம்மின் மேல் நீலத் தீ கொஞ்ச நேரம் நின்று அணைந்தது. அப்போதுதான் அவள் போன் அடித்தது.

ரெமெய். அவள் மகள், எனக்கு ஒரே மருமகள். மருந்துக் கடையில் வேலை. ஒரு வருஷமாக வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்த வேனைத் தேடுகிறாள். குல்யேரா சாலையில் கம்பத்துக்குக் கம்பம் அறிவிப்பு ஒட்டியிருக்கிறாள். போலீஸ் நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

எம்பார் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ம்." "எந்த ஊரு?" "ம்." "நாளைக்கா?" போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"வேன் கிடைச்சுடுச்சாம்."

வோரோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"சுவேகா ஊர்க்காரன். ரொட்டி போடுற வேன். அன்னைக்கு அந்த நேரத்துக்கு அந்த ரோட்டுலதான் போனானாம், அவனே ஒத்துக்கிட்டான். யாரையும் இடிக்கலைங்கிறானாம். வேன்ல வலது பக்கம் சிராய்ப்பு இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு அவனை வரச் சொல்லியிருக்காங்க."

"பாத்தியா!" ரோக் மேஜையில் தட்டினான். கடலைத் தோல் பறந்தது. "சிராய்ப்பு! நான்தானே சொன்னேன் சிராய்ப்பு இருந்துச்சுன்னு? பின் கதவுக்குப் பக்கத்துல. எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள தெரியுது."

ரோக் அன்றைக்கு எங்களுக்கு இருநூறு மீட்டர் பின்னால் வந்தான். எப்போதும் அப்படித்தான் வருவான். நான் வேன் என்று சொன்னதைக் கேட்டான். அடுத்த நாள் அவனும் பார்த்ததாக எழுதிக் கொடுத்தான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரிகிறது. நான் செய்து கொடுத்த வேன் அது. சிராய்ப்பு மட்டும் அவன் சேர்த்தது.

எனக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும். நெஞ்சு அடைத்திருக்க வேண்டும், வியர்த்திருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. காபியைக் குடித்தேன். ஆறியிருந்தது.

"அவனுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"யாருக்கு?"

"ரொட்டிக்காரனுக்கு."

எம்பார் என்னைப் பார்த்தாள். "அவனுக்கு என்ன ஆனா நமக்கென்ன அண்ணே?"

மறுபடி ஏறி மிதித்தோம். ரோக் முன்னால் போனான், அவனுக்குப் பின்னால் எம்பார். அவன் முதுகு அகலம். அதன் பின்னால் போனால் காற்றுக்குச் சுவர் கட்டினது மாதிரி என்பாள். வோரோ என் பக்கத்தில் வந்தான். ஓட்டும்போது பேசாத ஆள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான்.

"நாளைக்குப் பத்து மணி" என்றான்.

"ம்."

"டேய் பதிஸ்தே. நான் அன்னைக்கு மூணாவது சக்கரத்துல, நெலோவுக்கு நேர் பின்னால இருந்தேன்."

அவன் கியரை ஒன்று இறக்கினான்.

"வேன் தாண்டிப் போனா காத்து அடிக்கும். சத்தம் கேக்கும். எனக்கு ரெண்டும் இல்ல."

"ஏன் சொல்லலை?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன். அடக்கம் முடியட்டும்னு நினைச்சேன். அப்புறம் கிறிஸ்துமஸ் வந்துச்சு. நாள் ஆயிட்டா வாய் பூட்டிக்குதுடா. தப்பு உன்னோடது மட்டும் இல்ல, அது எனக்குத் தெரியும். ஆனா அந்த நோட்டுல அவன் வரியை அடிக்கப் போறப்பல்லாம் பேனா நிக்குது."

"என்ன செய்யணும்ங்கிறே?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஓட்டுக்கு மெருகு பூசுறவன். ஆனா இன்னைக்கு நீ சொல்லலைன்னா நாளைக்கு நான் சொல்லிடுவேன். நீ சொன்னா அது வேற. நான் சொன்னா அது வேற."

அவன் வேகத்தைக் கூட்டி முன்னால் போய்விட்டான்.

கூட்டமாக ஓட்டுவது எப்படி என்று ஒன்று சொல்ல வேண்டும். முன் சக்கரத்துக்கும் அடுத்தவன் சக்கரத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. பின்னால் வருகிறவனுக்குச் சாலை தெரியாது. முன்னால் இருப்பவன் இடுப்பும் கையும்தான் தெரியும். பள்ளம் வந்தால் முன்னால் போகிறவன் கையைக் கீழே இறக்கி விரலால் காட்டுவான். "பள்ளம்!" என்று கத்துவான். இடது பக்கம் பள்ளம் என்றால் இடது கை, வலது பக்கம் என்றால் வலது கை. பத்து நிமிஷத்துக்கு ஒருவர் முன்னால் போவோம். அந்தப் பத்து நிமிஷம் பின்னால் இருக்கிற எல்லோருக்கும் அவன் கைதான் கண். குடித்தவனும் அந்தக் கையைக் காட்டத் தவற மாட்டான்.

குல்யேரா ஊருக்குள் நுழைந்து, ஆற்றுப் பாலம் ஏறி இறங்கினோம். அதற்கப்புறம் தோப்புகள். சாலைக்கு வலது ஓரமாக வாய்க்கால். ஆரஞ்சுப் பூ முடிந்து, பிஞ்சு மிளகு அளவில் இருந்தது.

எம்பார்தான் முதலில் நின்றாள். அவளுக்கு இடம் தெரியும். ரெமெய் காட்டியிருக்கிறாள்.

வாய்க்கால் சாலையைக் குறுக்கே கடக்கிற இடம். இப்போது பள்ளத்தை அடைத்து, தார் போட்டிருக்கிறார்கள். கறுப்பாக ஒரு கதவு அளவு. பக்கத்துக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம். வெயிலில் மஞ்சள் ஏறியிருந்தது. நெலோவின் படம், கீழே எழுத்து.

எம்பார் சைக்கிளை வாய்க்கால் கரையில் சாய்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். "படி அண்ணே. என் கண்ணாடி பைக்குள்ள கிடக்கு. சத்தமா படி."

எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தாறாவது வயதில். முதியோர் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தை நெலோதான் நிரப்பினான். இன்றைக்கும் கூட்டித்தான் படிப்பேன். ஒரு வார்த்தை முடிந்தால்தான் அடுத்தது.

"மே... பதினெட்டாம் தேதி. காலை... பதினொன்றரை மணி. இந்த இடத்தில்... ஒரு வெள்ளை... வேன்..."

நின்றுவிட்டேன்.

"மேல படி."

"உரசி... என் அப்பா... பார்த்தவர்கள்... இந்த எண்ணுக்கு..."

என் வார்த்தைகள்தாம். நான் போலீசிடம் சொன்னதை அவள் அப்படியே அச்சில் போட்டிருந்தாள். எண்ணை முழுதாகப் படித்தேன். ஒன்பது இலக்கம்.

ரோக் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வோரோ தரையைப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் எம்பார். "ஒரு வருஷமா கேக்கணும்னு இருந்தேன். கடைசியா அவர் என்ன சொன்னாரு? ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னே. அவர் பேசாம வந்தாருன்னா நான் நம்ப மாட்டேன். தூக்கத்துலயும் பேசுற மனுஷன்."

நான் திரும்பிப் பார்த்தேன். ஆற்றுக்கு அப்பால் மலை. மலையின் உடம்பில் ஊர்ப் பெயரை வெள்ளையாக எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு வீடு உயரம். பாலம் தாண்டி இங்கே வந்து தலையைத் திருப்பினால்தான் முழுசாகத் தெரியும்.

"'மச்சான், மலை என்ன சொல்லுது'ன்னு கேட்டான்."

எம்பார் அசையவில்லை.

"வருஷா வருஷம் கேப்பான். நான் எழுத்துப் படிச்ச வருஷத்துலேருந்து. இந்த இடத்துக்கு வந்ததும் கேப்பான். நான் திரும்பிப் பார்த்துப் படிக்கணும். அவன் கை தட்டணும். விளையாட்டு."

"தெரியும். வீட்டுல சொல்லிச் சிரிப்பாரு."

"அன்னைக்கு நான் முன்னால போயிட்டிருந்தேன். என் முறை."

ரோக் "டேய்" என்றான். மெதுவாக.

"திரும்பினேன். படிச்சேன். மூணாவது எழுத்துல இருந்தேன். பள்ளம் என் சக்கரத்துக்குப் பக்கத்துல போயிடுச்சு. நான் கை காட்டலை. கத்தலை. சத்தம் கேட்டுத் திரும்பினா அவன் வாய்க்கால் ஓரத்துல கிடந்தான். வேன் வரலை எம்பார். வேன் இல்ல. போலீசுக்காரன் எப்படின்னு கேட்டான். வாயில வேன் வந்துச்சு."

சொல்லி முடித்தேன். நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஒரு வருஷமாக வயிற்றில் கிடந்தது, வெளியே வந்து கிடந்தபோது நாலு வரிதான்.

அவள் அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தார் போட்ட இடத்தைப் பார்த்தாள். பிறகு மலையைப் பார்த்தாள்.

"எந்தக் கை?" என்று கேட்டாள்.

"என்ன?"

"காட்டியிருக்க வேண்டியது எந்தக் கை?"

"வலது."

அவள் என் வலது கையைப் பார்த்தாள். கையுறைக்குள் இருந்தது. நானும் பார்த்தேன். யாரோ கொடுத்துவைத்த பொருள் மாதிரி இருந்தது.

ரோக் நடுச் சாலையில் நடந்து போனான். திரும்பி வந்தான். முகம் சிவந்திருந்தது. "நான் பார்த்தேன்டா. சிராய்ப்புப் பார்த்தேன். எழுதிக் கொடுத்திருக்கேன். சத்தியம் பண்ணியிருக்கேன்!"

"நீ பார்க்கலை ரோக்" என்றான் வோரோ.

"நீ யாருடா சொல்றதுக்கு?"

"நான் பக்கத்துல இருந்தவன்."

"அப்ப உனக்கும் தெரியுமா?" ரோக் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "பதினாலு வருஷமா ஒரே மேஜையில தின்னோமேடா. என்னை மட்டும் கழுதையாக்கிட்டு..." போய் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தான். அவன் கனத்துக்குக் கரை மண் கொஞ்சம் தண்ணீரில் சரிந்தது.

எம்பார் கம்பத்துக்குப் போனாள். காகிதத்தின் மேல் பக்க டேப்பைப் பிடித்து இழுத்தாள். வந்தது. கீழ்ப் பக்கம் வரவில்லை.

"இதை எடு" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

கையுறையைக் கழற்றி டேப்பின் நுனியைத் தேடினேன். முப்பத்து நாலு வருஷம் சூடான ஓடு எடுத்த விரல்கள். நுனியில் உணர்ச்சி இல்லை. மெல்லியது எதுவும் தெரியாது. கம்பத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினேன். நகத்தில் ஏதோ தட்டுப்பட்டது மாதிரி இருந்தது, பிறகு இல்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். உதவி செய்யவில்லை. வோரோ வரப்போனான். கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். கிழிந்து வந்தது.

அவள் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். "இன்னும் ஆறு இருக்கு. தவெர்னெஸ் வரைக்கும்."

ஆறு கம்பத்திலும் நின்றோம். ஒவ்வொன்றிலும் அவள் மேல் பக்கம், நான் கீழ்ப் பக்கம். வோரோவும் ரோக்கும் தள்ளி நின்றார்கள், கல்லறைக்கு வெளியே நிற்கிறவர்கள் மாதிரி. நாலாவது கம்பத்தில் ரோக் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினான். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நீட்டினான். நான் குடித்தேன்.

தவெர்னெஸ் தாண்டியதும் எம்பார் முன்னால் போனாள். "என் பின்னால வா" என்றாள் என்னிடம். அவ்வளவுதான். வோரோவும் ரோக்கும் அதற்குப் பின்னால்.

அவள் இதற்கு முன் ஒரு தடவைகூட முன்னால் போனதில்லை. காற்று எதிரில் அடித்தது. தோள் ஆடியது. நெலோவின் சைக்கிள் அது. சீட்டுக்குக் கீழே அவன் சுற்றின சிவப்பு டேப் இன்னும் இருக்கிறது. நான் ஒரு சாண் தள்ளி அவள் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். எனக்குச் சாலை தெரியவில்லை. அவள் வேண்டுமென்றே என்னைப் பள்ளத்தில் இறக்கலாம். அப்படி ஒரு நினைப்பு வந்தது. வரட்டும் என்று இருந்தது. பயம்கூட வரவில்லை.

ஒரு தோப்பு வாசல். டிராக்டர் ஏறி இறங்கித் தார் பெயர்ந்து கிடந்திருக்கிறது.

அவள் வலது கை ஹேண்டில்பாரிலிருந்து இறங்கியது. விரல் கீழே காட்டியது.

"பள்ளம்!"

நான் ஒதுங்கினேன். பள்ளம் என் காலுக்குப் பக்கத்தில் போயிற்று. பின்னால் இருக்கிறவர்களுக்குக் காட்ட என் கையும் இறங்கியது. தானாக இறங்கியது.

கந்தியா போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கடை. நாலு சைக்கிளையும் ஒரே சங்கிலியில் பூட்டினோம். எம்பார் உட்காரவில்லை. போனை எடுத்துக்கொண்டு சாலை ஓரத்துக்குப் போனாள். கண்ணாடி வழியாக எங்களுக்கு அவள் முதுகு தெரிந்தது. இரண்டு நிமிஷம்கூடப் பேசவில்லை.

"ரெமெய் வர்றா" என்றாள், வந்து உட்கார்ந்து. "வலென்சியாவுல ஏறிட்டான்னா ஆறே காலுக்கு இங்க."

"சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"வான்னு சொன்னேன். எதுக்குன்னு நீ சொல்லுவே. அவகிட்ட சொல்லிட்டு, நாளைக்குப் பத்து மணிக்கு அந்த ரொட்டிக்காரன் உக்கார்றதுக்கு முன்னால நீ போய் உக்காருவே."

"போறேன்."

"நானும் வர்றேன்" என்றான் ரோக். மேஜையைப் பார்த்தபடியே சொன்னான். "நானும் கையெழுத்துப் போட்டவன்."

"அவ உன்னை என்ன செய்வாளோ, எனக்குத் தெரியாது" என்றாள் எம்பார் என்னிடம். "நான் என்ன செய்வேன்னும் எனக்குத் தெரியாது அண்ணே. இப்ப ஒண்ணும் தோணலை. கால் வலிக்குது. அது மட்டும் தெரியுது."

"எனக்கும்" என்றேன்.

"உன்னைக் கேக்கலை."

கடைக்காரன் வந்தான். நாலு கொளுத்தின காபி என்றான் வோரோ. யாருக்கும் பஞ்சர் ஆகவில்லை. யார் செலவு என்று யாரும் கேட்கவில்லை.

எம்பார் உறையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இப்பக் கை வருமா வோரோண்ணே?"

"தேனியாவுலதானே..."

"தேனியா வேண்டாம். ஆறே காலுக்கு மேல இங்க யாருக்கும் கணக்குப் பார்க்க நேரம் இருக்காது."

நான் என் பர்ஸை எடுத்தேன். நூறு யூரோ நோட்டு ஒன்று இருந்தது. அதை வெளியே எடுத்துவிட்டேன்.

"உள்ள வை" என்றாள்.

"எம்பார், இதையாவது நான்..."

"உள்ள வை அண்ணே. இது அவர் பாக்கி. உனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

உள்ளே வைத்தேன்.

வோரோ உறையைப் பிரித்தான். மூன்று இருபது, ஒரு ஐந்து. பொதுப் பணப் பையைத் திறந்து சில்லறை தேடினான். ஒரு யூரோ நாற்பது. அவள் கையை நீட்டினாள். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

நோட்டைப் பிரித்தான். நெலோவின் பக்கம். பேனா மூடியைப் பல்லால் கழற்றினான். வரியின் மேல் பேனாவை வைத்து அங்கேயே நிறுத்தினான். ரோக் மூச்சை இழுத்தது கேட்டது.

"அடி" என்றாள் எம்பார்.

அடித்தான். ஒரே கோடு, ஓரத்திலிருந்து ஓரம் வரை. பக்கத்தில் எழுதினான். நான் தலைகீழாகவே எழுத்துக் கூட்டினேன். நெலோ. கொடுத்தாச்சு.

வோரோ எழுந்து வெளியே போய், ஹேண்டில்பாரிலிருந்து ரப்பர் பட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தான். ஒரு வருஷ வெயிலில் விறைத்திருந்தது. இழுத்தால் அறுந்துவிடும் போலிருந்தது. இரண்டு கையாலும் கசக்கி, மெதுவாக இழுத்து, நோட்டைச் சுற்றி மாட்டினான்.

அறுபடவில்லை.

எதிரே நிலையத்துக் கடிகாரத்தில் மணி ஐந்து பத்து.